பின்னால் உருளும் பிக்கப்: 5 வருட அனுபவம்

கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். 5 வருடமாக எங்கள் மோட்டார்ஹோமுக்கு (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) பின்னால் ஒரு ஜீப் கிளாடியேட்டர் பிக்கப், நான்கு சக்கரமும் தரையில் உருள, கூடவே வருகிறது. மோட்டார்ஹோம் மீட்டர்படி சுமார் 18,000 மைல் இழுத்திருக்கிறோம். இக்னிஷன் அணைந்திருப்பதால் பிக்கப் மீட்டரில் இதில் ஒரு மைல்கூட ஏறவில்லை. டயர்கள் மட்டும் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தன, போன வருடம் நான்கையும் மாற்றினேன்.

எல்லா பிக்கப்பையும் இப்படி இழுக்க முடியாது. டூ-வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் வேண்டாம். எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸ் எண்ணெய் பம்ப் வேலை செய்யும். எஞ்சின் அணைந்து சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே காய்ந்துபோய்த் தேயும். கிளாடியேட்டரில் டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸிலிருந்து முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் சக்கரத்தின் சுழற்சி கியர்பாக்ஸ் வரை போகாது. ஆனால் ஃபோர்-வீல் டிரைவ் என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்குவதற்கு முன் ஓனர் மேனுவலில் அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள்.

எடை விஷயத்தில் நான் முதலில் ஏமாந்தேன். மோட்டார்ஹோமின் பின்னால் இழுவைக் கொக்கியில் (ஹிட்ச்) 5,000 பவுண்டு என்று எழுதியிருந்தது, பிக்கப் 4,800. சரி, போதும் என்று விட்டுவிட்டேன். எங்கள் மோட்டார்ஹோம் நிற்பது 22,000 பவுண்டு வரை தாங்கும் ஃபோர்டு எஃப்-53 சேஸியில் (அடிச்சட்டம்). இரண்டு வண்டியும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டக் கூடாது. மோட்டார்ஹோமை அந்த 22,000 வரை நிரப்பினால் பிக்கப்புக்கு மிச்சம் வெறும் 4,000. லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது தண்ணீர்த் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. மொத்தம் 25,400-க்குள் நிற்கிறது.

ஓட்டும்போது பின்னால் ஒரு வண்டி வருவதே தெரியாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபத்தே அங்கேதான். அதன் டயர் வெடித்தாலும் ஸ்டீயரிங்கில் எதுவும் தெரியாமல் போகலாம். அதனால் பின்பக்கக் கேமராவை எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். பிக்கப்பின் நான்கு டயருக்கும் காற்றழுத்த சென்சார் உண்டு.

இரண்டாம் வருடம் அரிசோனாவில் ஒரு முகாமில் பிக்கப்பை மோட்டார்ஹோமோடு இணைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வண்டிக்காரர் பேச்சுக் கொடுத்தார். பேசிக்கொண்டே டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரைத் தள்ளினேன், அது நியூட்ரலில் முழுதாக விழவில்லை. இந்த வண்டியில் இழுக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலிலும் கியர் பார்க்கிலும் இருக்க வேண்டும். மனைவி மோட்டார்ஹோமை நகர்த்தியதும் பின்சக்கரம் இரண்டும் சுற்றாமல் சரளையில் கோடு கிழித்துக்கொண்டு வந்தன. நல்லவேளை, பத்தடிதான். நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மேனுவலில் இருந்த சோதனையை அன்றுவரை நான் சோம்பலில் விட்டிருந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்ட பிறகு, எஞ்சின் ஓடும்போதே கியரை ரிவர்ஸில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஐந்து விநாடி பார்க்க வேண்டும். அப்புறம் டிரைவில் போட்டு மறுபடியும். வண்டி அசையவில்லை என்றால்தான் எஞ்சினை அணைத்துப் பார்க்கில் போடலாம். இப்போது மாட்டும்போது என்னிடம் யாரும் பேசக் கூடாது, மனைவி உட்பட. மாட்டி முடித்ததும் அவர் இருபதடி மெதுவாக ஓட்ட, நான் வெளியே நின்று நான்கு சக்கரமும் உருளுகிறதா என்று பார்ப்பேன்.

பிரேக் பெட்டியிலும் ஒரு தடவை சறுக்கினேன். பிக்கப்பின் ஓட்டுநர் சீட்டுக்கு முன்னால் வைத்தால், மோட்டார்ஹோம் பிரேக் போடும்போது பிக்கப்பின் பிரேக் மிதியையும் அழுத்தும் வகை அது. சீட்டை ஓர் அங்குலம் அதிகமாக முன்னால் தள்ளிவிட்டேன், பெட்டி மிதியை லேசாக அழுத்தியபடியே வந்தது. மோட்டார்ஹோம் டாஷ்போர்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, நான் சட்டை செய்யவில்லை. அடுத்த ரெஸ்ட் ஏரியாவில் இறங்கினால் பிரேக் கருகிய வாடை. பிக்கப் கழன்று ஓடினால் உருவிக்கொண்டு வந்து அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் ஊசியைச் சீசன் தொடக்கத்தில் ஒருமுறை இழுத்துச் சோதிப்பேன். பாதுகாப்பு கேபிள்களை, இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பாருக்குக் கீழே குறுக்காக மாட்டுவதைப் பயணந்தோறும் செய்கிறேன்.

ரிவர்ஸ் எடுப்பதை மறந்துவிடுங்கள். சில அடிக்குள்ளேயே பிக்கப்பின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக ஒடிந்து திரும்பும், டோ பார் வளையும். ஒரு பெட்ரோல் பங்கில் வெளியேற வழியில்லாமல் சிக்கி, பின்னால் நாலு பேர் ஹார்ன் அடிக்கக் கழற்ற வேண்டியிருந்தது. வண்டிகள் கோணலாக நின்றால் டோ பாரைப் பூட்டும் ஊசிகள் இறுகிவிடும், ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். இப்போது உள்ளே நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்கிறேன்.

டெத் வேலிக்குப் போகும் டவுன் பாஸ் போன்ற செங்குத்தான மலையில் கழற்றிவிடுகிறோம். மனைவி பிக்கப்பை ஓட்டிக்கொண்டு முன்னால் போவார், நான் லோ கியரில் பின்தொடர்வேன். டோ பார், அதை மாட்ட பிக்கப்பின் முன்னால் பொருத்தும் பேஸ் பிளேட், பிரேக், ஒயரிங், கூலி எல்லாம் சேர்த்து 5,000 டாலரைத் தாண்டியது. மறுபடி வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவேன்: பெட்டி வகை பிரேக் வேண்டாம், பிக்கப்பிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் வகையை எடுப்பேன்.