ட்யூபுலர் டயரைக் கடையில் ஒட்டக் கொடுத்தீர்களா? காற்றை இறக்கி, கட்டைவிரலால் தள்ளிப் பார்க்காமல் மலை ஏறாதீர்கள்

மலேசியாவின் தாப்பாவிலிருந்து எழுதுகிறேன். ரேஸ் சைக்கிள் ஓட்டும் நம் பிள்ளைகள், அதிலும் பழைய கார்பன் வீலைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் கேமரன் மலை போய்விட்டு ரிங்லெட்டிலிருந்து பழைய ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சிக்கு மேலே ஓர் இடது வளைவு. சாய்த்துத் திருப்பும்போது பின் டயர் ரிம்மை விட்டு உருண்டு வெளியே வந்துவிட்டது. பஞ்சர் இல்லை, வெடிக்கவும் இல்லை, டயரில் காற்று முழுசாக இருந்தது. நான் ரோட்டின் நடுக்கோடு வரைக்கும் இழுபட்டுப் போனேன், அந்த நேரம் எதிரே காய்கறி லோரி எதுவும் வரவில்லை, அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். இடது காறை எலும்பில் விரிசல், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றுவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண கிளிஞ்சர் டயரின் விளிம்பு ரிம்மின் கொக்கியில் மாட்டி நிற்கும். ட்யூபுலர் அப்படியில்லை, உள்ளே ட்யூபை வைத்துச் சுற்றிலும் தைத்து மூடிய டயர் அது, அடிப்பக்கம் ஒரு துணி டேப் ஓடும், அந்த டேப்பை ரிம்மில் கம் போட்டு ஒட்ட வேண்டும். வளைவில் உங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது முக்கியமாக அந்தக் கம்தான். 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸில் ஸ்பெயின் வீரர் ஹோசெபா பெலோகி காப் பட்டணத்தை நோக்கி இறங்கும்போது விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். வெயிலில் தார் உருகிப்போன ரோட்டில் பின் சக்கரம் வழுக்கி, டயர் ரிம்மை விட்டு வந்தது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் முறிந்தது.

இனி கடை விஷயத்துக்கு வருகிறேன். பேரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. பருத்தி உறை போட்ட 25 மில்லிமீட்டர் ட்யூபுலர் ஒரு ஜோடி 480 வெள்ளி (ரிங்கிட்), ஒட்டுக்கூலி 80 வெள்ளி. டயரின் பக்கவாட்டு நிறம் மங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது பழைய சரக்கா?” என்று கேட்டேன். “தம்பி, ட்யூபுலர் பழசானால்தான் நல்லது, ஐரோப்பாவில் ரேஸ்காரர்கள் வருஷக்கணக்கில் வைத்திருந்துதான் ஓட்டுவார்கள்” என்றார். அந்தக் கதையை நானும் கேள்விப்பட்டிருந்ததால் நம்பிவிட்டேன். அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் டயரை வாங்கி வைத்துப் பதப்படுத்தியது உண்மைதான். ஆனால் அவர்கள் வைத்தது குளிர்ந்த, இருட்டான நிலவறையில். இவர் கண்ணாடி அலமாரியில், மத்தியான வெயில் நேராக விழும் இடத்தில் தொங்கவிட்டிருந்தார். பெரிய ரேஸ் டீம்களே இப்போது பெரும்பாலும் ட்யூப்லெஸுக்கு மாறிவிட்டதால் கடைகளில் ட்யூபுலர் தேங்கிக் கிடக்கிறது, அதை யார் தலையிலாவது கட்டத்தான் பார்க்கிறார்கள். காலையில் கொடுத்த வீலைச் சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

விழுந்து வந்த பிறகு டயரை அப்பாவிடம் காட்டினேன். தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர், ரப்பரைப் பற்றி அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றும் பேசாமல் டயரைக் கையில் வாங்கி, ஓரத்தைப் பின்பக்கமாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தார். மடித்த இடத்தில் மயிரிழை மாதிரி வரிவரியாக வெடிப்பு. “இது செத்த ரப்பர்டா, எவன் உனக்கு விற்றான்?” என்றார். அப்புறம் டேப்பைப் பார்த்தோம். நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் கம், இரண்டு ஓரமும் நூல் இழை தெரிய வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அந்தக் கம்மை நகத்தால் கீறினால் தோல் மாதிரி நீளமாக உரிந்து வருகிறது, வாசமும் செருப்புக்கு ஒட்டுகிற கம் வாசம்தான். ட்யூபுலர் கம் காய்ந்த பிறகும் விரலில் கொஞ்சம் பிசுபிசுக்கும். ரிம்மிலோ முந்தைய ஆள் போட்ட பழைய கம் கட்டிகட்டியாக அப்படியே இருந்தது, சுரண்டவே இல்லை.

முறையாகச் செய்தால் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது. புது டயரைக் கம் இல்லாமல் ரிம்மில் மாட்டி, காற்றடித்து, ஒரு நாளாவது இழுபட விட வேண்டும். ரிம்மைச் சுத்தம் செய்து மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று. டேப்பிலும் ஓரம் வரைக்கும் பூச வேண்டும், ஏனென்றால் டயர் உருள ஆரம்பிப்பதே ஓரத்தில்தான். கடைசிப் பூச்சு ஈரப்பிசுக்கோடு இருக்கும்போது மாட்டி, காற்றடித்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் (ரிம்மையே அழுத்திப் பிடிக்கிற பிரேக்) என்றால் இன்னும் கவனம் தேவை, இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சூடு அலுமினியத்தைப் போலச் சீக்கிரம் கலையாமல் அங்கேயே தேங்கி, கம்மை இளக்கிவிடும். நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போதே காற்றை முழுசாக இறக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் டயரைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளுங்கள், ஒரு சுற்று முழுக்க, வால்வ் பக்கத்தில் இரண்டு தடவை. எங்கேயாவது டேப் ரிம்மை விட்டுத் தூக்கினால் பணம் கொடுக்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ரேஸ் ஓடாதவர்கள் பேசாமல் கிளிஞ்சர் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து ரோட்டில் ட்யூபுலர் பஞ்சரானால் தையலைப் பிரித்து, ட்யூபை ஒட்டி, திரும்பத் தைக்க வேண்டும். இல்லையென்றால் கம் பூசிய டயர் ஒன்றைச் சீட்டுக்கடியில் கட்டிக்கொண்டே திரிய வேண்டும்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, “நீ பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பாய்” என்றார். 560 வெள்ளியைத் திருப்பித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். சரி என்று பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட்டேன். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். என்னுடையதில் “புதிய டயர், ஒட்டுக்கூலி உட்பட” என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறது. டயர் இரண்டையும் கம்மைத் துடைக்காமல் அப்பா கோணிப்பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார், விசாரணைக்கு அவரும் வருகிறாராம்.