காகிதமா, இணையப் படிவமா, நேரடி இணைப்பா: ஆய்வு மருத்துவர்கள் எதை விரும்புவார்கள்?

மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வான கிளினிக்கல் ட்ரையலில் நோயாளியின் ரத்த அழுத்தத்தை அளக்கச் சில நிமிடங்கள் போதும். அந்த எண், ஆய்வுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமான ஸ்பான்சரின் தரவுத்தளத்தை எட்டுவதற்குள் எத்தனை முறை எழுதப்படுகிறது? என்னைக் கேட்டால், ஒரு மருத்துவருக்கு எந்த முறை பிடிக்கும் என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

காகிதப் படிவத்தைப் பழசு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதற்குக் கடவுச்சொல் வேண்டாம், இணையம் வேண்டாம். தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, சுருக்கொப்பமும் தேதியும் போட்டால் சரி. சுமை பின்னால் வரும். படிவத்தைப் பல இடங்களில் இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து ஒப்பிடுவார்கள். சந்தேகம் கேள்வியாகத் திரும்பி வரும்போது வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அந்த நோயாளி அன்று என்ன சொன்னார் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

மெடிடேட்டா ரேவ், ரெட்கேப் போன்ற இணையப் படிவங்கள் இந்த இடத்தில் ஜெயிக்கின்றன. பொருந்தாத எண்ணை உள்ளிடும்போதே எச்சரிக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். மின்னணுப் பதிவுகளுக்கு இதைக் கேட்கும் அமெரிக்க விதி, பார்ட் 11, 1997-லேயே வந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் முதலில் நோயாளியின் கோப்பில் எழுதி, அப்புறம் அதையே படிவத்தில் ஏற்றுகிறார்கள். ஸ்பான்சருக்கு ஸ்பான்சர் வேறு தளம், வேறு லாகின், வேறு பயிற்சி. இந்த இரட்டை வேலை பெரும்பாலும், ஆய்வின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டரின் தலையில் விழுகிறது. மருத்துவர் திறந்து பார்த்துக் கையொப்பம் இடுகிறார். எனவே "மருத்துவர்களுக்கு இது பிடித்திருக்கிறது" என்று எங்காவது படித்தால், தரவை ஏற்றியவர்களையும் கேட்டார்களா என்று பாருங்கள்.

டேப்லெட்டில் நேரடியாகப் பதியும் இ-சோர்ஸ் முறையில் படியெடுக்கும் வேலையே இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு 2013-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆய்வுக்கென்றே இயங்கும் மையங்களுக்கு இதுதான் சிறந்தது. பெரிய மருத்துவமனையில் கதை வேறு. சிகிச்சைக் குழுவுக்காக அதே விவரத்தை மருத்துவமனைப் பதிவிலும் எழுத வேண்டியிருக்கும்.

மருத்துவமனையின் மின்னணுப் பதிவிலிருந்தே தரவு பாயும் இணைப்பு, ஒருமுறை எழுதினால் போதும் என்ற ஆசைக்கு மிக அருகில் வருகிறது. ஆய்வக முடிவுகள், உடல் வெப்பம், மருந்துப் பட்டியல் ஆகியவை மருத்துவத் தரவைக் கணினிகளுக்கிடையே பரிமாறுவதற்கான எஃப்.எச்.ஐ.ஆர். தரநிலை வழியே நன்றாக வந்து சேர்கின்றன. ஒரு பக்கவிளைவு ஆய்வு மருந்தால் வந்ததா, எவ்வளவு கடுமையானது என்பதோ மருத்துவரின் தீர்ப்பு. அதை எந்த இணைப்பும் இழுத்து வர முடியாது.

ஆகவே என் தேர்வு கலவைதான்: எண்கள் இணைப்பு வழியே வரட்டும், தீர்ப்பு தேவைப்படும் இடங்களை மட்டும் மருத்துவர் சிறிய இணையப் படிவத்தில் நிரப்பட்டும். எந்தத் தளத்தை வாங்குவதற்கு முன்பும், நோயாளியின் ஒரு முழு வருகையின் தரவை ஒரு கோஆர்டினேட்டரைக் கொண்டு அதில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இணையம் விழுந்த நாளில் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். ஏனென்றால், நோயாளிக்குக் கடும் பாதகம் நேர்ந்தால் அதைப் பெரும்பாலான ஆய்வுகளில் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.