கொளத்தூரில் வாங்கிய மலாவி சிக்லிட்கள்: மீன் தரமானது, 'மிக்ஸ்' தொட்டி வேண்டாம்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுள், ஆப்பிரிக்க ஏரிகளின் வண்ணமீன்களான சிக்லிட்களுக்கென்றே ஒரு சுவர் முழுக்கத் தொட்டிகளை அடுக்கியிருக்கும் கடை ஒன்றில் எனது நான்கடித் தொட்டிக்கு மீன் வாங்கினேன். மீன்களின் உடல்நிலையில் குறை சொல்ல எதுவுமில்லை. துடுப்புகள் விரிந்திருந்தன, வயிறு ஒட்டியோ உப்பியோ இல்லை. கேட்டதும் இரை போட்டுக் காட்டினார்கள். இரையை வாயில் வாங்கித் துப்புகிற மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது என்பதால், இந்தச் சோதனையைக் கேட்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

சிக்கல் 'மிக்ஸ்' என்று எழுதி ஒட்டிய குஞ்சுத் தொட்டியில்தான் இருக்கிறது. பொன்னிற உடலில் கருங்கோடுகளுடன் கண்ணைப் பறிக்கும் ஆரட்டஸ் குஞ்சையும், ஆண் பெண் இரண்டும் நீலமாகவே இருக்கும் கெனியி குஞ்சையும், சாதுவான மஞ்சள் லேப் என்ற இன்னொரு சிக்லிட்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே விலைக்கு விற்கிறார்கள். வளர்ந்தபின் ஆரட்டஸ் ஆண் கறுத்துவிடும்; கெனியி ஆண் மஞ்சளாகிவிடும். தன்னைப் போன்ற நிறமுள்ள மீனையே ஆண் முதலில் குறிவைக்கும் என்பதால், என் தொட்டியில் அடி முழுவதும் மஞ்சள் லேப்களுக்கே விழுந்தது. வால் நார்நாராகக் கிழிந்த ஒன்று, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டித் தலை மேலாக நின்றுகொண்டு, இரைக்குக்கூடக் கீழே இறங்கவில்லை.

"கொஞ்சம் நெருக்கமா போடுங்க சார், அடி ஒரே மீனுக்கு விழாது" என்றார் கடைக்காரர். ஆலோசனை சரியானதே, ஆனால் அது வலுவான ஃபில்டரும் வாரந்தோறும் நீர் மாற்றும் பழக்கமும் உள்ளவர்களுக்கே பொருந்தும். மேலும், ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது இருக்க வேண்டிய இந்த இனங்களை, பாலினம் தெரியாத கலவைக் குஞ்சுகளிலிருந்து எப்படிப் பொறுக்குவது?

போர் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா என்று அவர்களாகவே விசாரித்தது பிடித்திருந்தது. மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை கொண்டது, அமில-கார அளவான பி.எச். 8-ஐ ஒட்டி இருந்தால் இம்மீன்கள் நலமாக இருக்கும். கூடவே கொடுத்த உலர்ந்த புழு உணவை மட்டும் மறுத்துவிடுங்கள். பாறைப்பாசியைச் சுரண்டித் தின்னும் ஆரட்டஸ், கெனியி போன்றவற்றுக்கு ஸ்பைருலினா என்னும் சுருள்பாசி கலந்த உணவே ஏற்றது.

ஆரட்டஸையும் கெனியியையும் திருப்பிக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, பாதி விலைக்கு வேறு மீன் கொடுத்தார்கள். இனப்பெயர் எழுதிய தொட்டிகளிலிருந்து மட்டும் வாங்குவதாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.