சுண்ணாம்பா, டொலமைட்டா, ஜிப்சமா, எப்சம் உப்பா: மட்டக்களப்பு மண்ணுக்கு எது?

பசளைக் கடையில் இந்த நான்கும் வெள்ளைத் தூளாகத்தான் இருக்கும். எதையோ ஒன்றை வாங்கி "சுண்ணாம்பு போட்டாச்சு" என்று வீசிவிட்டு வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நான்கிலும் இருப்பது காரமண் உலோகங்கள்தான், அதாவது உயர்தர இரசாயனவியலில் பிள்ளைகள் இரண்டாம் கூட்டம் என்று படிக்கிற கல்சியமும் மக்னீசியமும். ஆனால் மண்ணில் இவை செய்கிற வேலை ஒன்றல்ல. உலோகத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அதோடு சேர்ந்திருப்பது ஐதரொட்சைட்டா, காபனேற்றா, சல்பேற்றா என்று பாருங்கள்.

முதலில் புளிப்பு மண். இதற்கு ஜிப்சத்தைத் தொடவே வேண்டாம், அது கல்சியம் சல்பேற்று, புளிப்பை முறிக்காது. எப்சம் உப்பும் அப்படித்தான், அது மக்னீசியம் சல்பேற்று. சாதாரண சுண்ணக்கல் தூளின், அதாவது கல்சியம் காபனேற்றின், புளிப்பு முறிக்கும் திறனை 100 என்று வைத்தால் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்றான சுத்தமான டொலமைட் 109, கல்சியம் ஐதரொட்சைட்டான நீற்றிய சுண்ணாம்பு 135. நீற்றிய சுண்ணாம்பு வேகமாக வேலை செய்யும், ஆனால் வேரையும் கையையும் சுடும், அதனால் நடுகைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே போட்டுக் கொத்திவிட வேண்டும். அவசரமில்லை என்றால் என் தெரிவு டொலமைட்.

வாவிக்கரைக் களிமண் வயலில் கதை தலைகீழ். உவர்நீர் ஏறிய இடத்தில் சோடியம் களித் துகளில் ஒட்டிக்கொள்ளும், மண் அடைத்துப்போகும், மழைத் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும், காய்ந்தால் பாறை மாதிரி இறுகும். ஜிப்சத்தில் இருக்கிற கல்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்காரும், கழன்ற சோடியத்தை நல்ல தண்ணீர் கழுவிக்கொண்டு போகவேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது காசை வாவியில் போடுவதுதான். வெறும் உப்பு மட்டும் ஏறி மண் இன்னும் பொலபொலவென்று இருந்தால் ஜிப்சமே தேவையில்லை, மாரி மழையைத் தேக்கி வடியவிட்டாலே போதும்.

இனித் தென்னை. களுதாவளை, களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கரையோர மணல் எதையும் பிடித்து வைக்காது, ஒரு மாரி அடித்தால் சத்து வேருக்குக் கீழே போய்விடும். கீழ் ஓலைகள் மஞ்சளாகி, குருத்துப் பக்கம் பச்சையாகவே நின்றால் முதலில் மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள். பச்சையத்தின் நடுவில் இருப்பதே மக்னீசியம்தான், அது குறைந்தால் மரம் கிழட்டு ஓலையிலிருந்து எடுத்து இளம் ஓலைக்குக் கொடுக்கும். பொட்டாசியப் பசளையை அள்ளிப் போட்டுவிட்டு மக்னீசியத்தை மறந்தால் இது இன்னும் மோசமாகும், காய்ப்புக் கூட வேண்டும் என்று நம்மவர்கள் அதிகம் செய்வது இதைத்தான். டொலமைட்டில் மக்னீசியம் 13 சதவீதம் வரை, எப்சம் உப்பில் 10 சதவீதம்கூட முழுதாக இல்லை. ஆனால் எப்சம் தண்ணீர் பட்டதும் கரைந்து வேருக்குக் கிடைக்கும், டொலமைட்டுக்கு மாதக்கணக்காகும். அதனால் வருடாவருடம் டொலமைட், ஏற்கெனவே மஞ்சளடித்த மரத்துக்கு மட்டும் எப்சம். கீசரைட் கிடைத்தால் இன்னும் நல்லது, அதுவும் மக்னீசியம் சல்பேற்றுதான், ஆனால் அதில் மக்னீசியம் 17 சதவீதம் அளவில் இருக்கும். எப்சத்தை ஐப்பசி, கார்த்திகையில் பெருமழைக்கு முன்னால் போடாதீர்கள், மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். அப்புறம், பழுத்த கீழ் ஓலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம், புதிதாக விரிகிற ஓலைகளைக் கவனியுங்கள்.

ஏன் எப்சம் இவ்வளவு லேசாகக் கரைகிறது, ஜிப்சம் லீட்டருக்கு இரண்டரை கிராமுக்குள் நின்றுவிடுகிறது? இரண்டாம் கூட்டத்தில் மக்னீசியம், கல்சியம், பேரியம் என்று கீழே போகப் போகச் சல்பேற்றின் கரைதிறன் குறையும். பேரியத்தில் அது கிட்டத்தட்டக் கரையாத நிலைக்கு வந்துவிடும். பேரியம் நஞ்சாக இருந்தும் வயிற்று எக்ஸ்ரேக்கு அதன் சல்பேற்றைக் குடிக்கக் கொடுப்பது இந்தத் துணிவில்தான்.

பையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு தேக்கரண்டித் தூளில் வினாகிரி விட்டுப் பாருங்கள். சுண்ணக்கல் உடனே நுரைக்கும், டொலமைட் மெதுவாக, ஆங்காங்கே குமிழி விடும், ஜிப்சம் சும்மா இருக்கும். எப்சத்தைத் தண்ணீரில் போட்டாலே தெரிந்துவிடும். இன்னொன்று, சுண்ணாம்பையோ டொலமைட்டையோ யூரியாவோடு ஒரே தடவையில் கலந்து வீசாதீர்கள், நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும்.