கடற்காற்றும் குட்டி ரயிலும்: வெள்ளவத்தையில் சில வருடப் பாவனை அனுபவம்

பள்ளிக்கூடக் காலத்தில் வைத்திருந்த ஓஓ அளவு (அசலில் ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் செட்டை நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி எடுத்து, சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கம், தொடர்மாடியின் மேல்தளத்தில். இதே மாதிரிப் பழைய பெட்டியொன்று உங்கள் வீட்டு அலுமாரியின் மேலும் கிடந்தால், புதிதாக எதையும் வாங்க முன்னர் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். கொழும்பில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய சவால் தண்டவாளத்தின் மேல்பரப்புத்தான். எஞ்சினெல்லாம் அப்புறம்.

பழைய எஞ்சின்களின் மோட்டர்கள் ஆச்சரியமாக நன்றாகவே இருந்தன. கெட்டுப்போனது மற்றவை. பெட்டிக்குள் வைத்த ஸ்பொஞ்ச் உருகிப் பெயின்டில் ஒட்டியிருந்தது. சக்கரத்து ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன. கியர் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. பழைய கிரீஸை முழுக்க வழித்தெடுத்து, பிளாஸ்டிக்கைத் தின்னாத மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டு, கார்பன் பிரஷ்களைத் துடைத்தால் அநேகமானவை ஓடிவிடும். ஆனால் சட்டத்தின் உலோக வார்ப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்த எஞ்சினுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நாகக் கலவையில் வார்க்கும்போதே ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், அது வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வீங்கி உதிர்ந்துவிடும். ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். அதற்கு மருந்தில்லை.

தண்டவாளத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மரைன் டிரைவும் கரையோரப் புகையிரதப் பாதையும் மட்டும்தான். பழைய செட்டோடு வந்த இரும்புத் தண்டவாளங்களை யோசிக்காமல் ஒதுக்கிவிட்டேன். இந்தக் காற்றில் அவற்றைத் துருவிலிருந்து காப்பாற்ற முடியாது. செம்பு, நிக்கல், நாகம் சேர்ந்த நிக்கல் சில்வர் தண்டவாளமே இங்கே சரி. அதிலும் கறுப்பு அழுக்குப் படியத்தான் செய்யும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறிகள் தெறித்து, அந்த இடத்தை மேலும் மேலும் கறுப்பாக்கும்.

முதலில் ஐசோபுறோப்பைல் அற்ககோலால் மட்டும் துடைத்து வந்தேன். பளிச்சென்று ஆகும், ஆனால் சீக்கிரமே கறுக்கும். இப்போது அற்ககோலால் துடைத்துக் காயவிட்ட பின், பஞ்சுத் துணியில் மண்ணெண்ணெயை மிக மெல்லியதாகத் தொட்டு ஒரு இழுப்பு. மண்ணெண்ணெய் போன்ற முனைவற்ற திரவங்கள் அழுக்குப் படிவதைக் குறைக்கும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பலருடைய கருத்து. என் பாதையில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, துடைக்கும் வேலை பாதியாகக் குறைந்தது போல இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மணல் கடதாசி மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களிலேயே அடுத்த அழுக்கு உட்காரும்.

பலகைக்கும் ஒரு வார்த்தை. பிளைவுட்டின் மேல், கீழ், ஓரம் என எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். கொழும்பில் வெப்பநிலை பெரிதாக ஏறி இறங்குவதில்லை, ஆனால் மரம் ஈரத்தைக் குடித்து வளையும். வளைந்த பலகையில், ரயிலைப் பாதை மாற்றிவிடும் பொயின்ட் ஒழுங்காகப் படியாது.

டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறியது நான் போட்ட காசில் மிகப் பிரயோசனமானது. பழைய முறையில் வேகத்தைக் குறைப்பது என்றால் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தையே குறைப்பது. மெதுவாக ஓட்டும்போதுதான் அழுக்கு எஞ்சினை நிறுத்தும். டிசிசியில் முழு மின்னழுத்தமும் எப்போதும் தண்டவாளத்தில் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் மோட்டரைப் பார்த்துக்கொள்கிறது. ஊர்ந்து போகும் வேகத்தில் ஷண்டிங் செய்யும் (வண்டிகளைக் கோர்த்தும் பிரித்தும் நகர்த்தும்) சுகம் சின்ன வயதில் எனக்குக் கிடைக்கவேயில்லை. டிகோடர் புதிதாக வரும்போது, அந்த எஞ்சினைக் கூப்பிடும் முகவரி 3. டிகோடரின் அமைப்புகளுக்குச் சிவி என்று எண் போட்டிருக்கும்; சிவி 1 இல் முகவரியை மாற்றலாம். சிவி 3, சிவி 4 இரண்டும் வேகம் எடுப்பதையும் தணிவதையும் தீர்மானிக்கும். பழைய எஞ்சினில் பூட்டுவதானால், மோட்டரின் இரண்டு பிரஷ்களும் சட்டத்தோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிகோடர் நொடியில் கருகிவிடும். உறவுக்காரர் யாராவது லண்டனிலிருந்து வரும்போது டிகோடர் வாங்கிவரச் சொல்லிவிடுங்கள், கைப்பையின் மூலையில் அடங்கும்.

இடம் போதாது என்ற கவலைக்கு என் பதில் இங்கிள்நூக் என்ற குட்டி ஷண்டிங் புதிர்ப் பாதை. ஒரு பக்கப் பாதையில் ஐந்து வண்டிகள் நிற்க இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு இடம். அதில் நிறுத்தும் எட்டு வண்டிகளில் ஐந்தைச் சொன்ன வரிசையில் கோர்த்து வெளியே எடுக்க வேண்டும். அப்படி 6,720 வரிசைகள் உண்டு. படுக்கையறைச் சுவரோரப் பலகையே போதும். பொயின்ட்டின் நடு உலோகத்துக்கும் மின்சாரம் போகும் வகையை வாங்குங்கள், குட்டி எஞ்சின்கள் அதன்மேல் நின்றுபோகாது.

நம் ஊர் ரயிலை அளவு பிசகாமல் செய்வதுதான் கடினம். இலங்கைப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். ஓஓவின் 1:76.2 அளவில் அது 22 மில்லிமீற்றர் வர வேண்டும், கடையில் வாங்கும் பாதையோ 16.5. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 டீசல் எஞ்சினை அந்தப் பாதையில் வைத்தால், உடம்பு பெரிதாகவும் கால் ஒடுங்கியும் தெரியும். எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் 22 மில்லிமீற்றரில் பொயின்ட்டையும் கையால் கட்டுவதற்கு இப்போது நேரமில்லை. ஆகவே 16.5 பாதையிலேயே பிளாஸ்டிக் தகட்டால் ஒரு எம்2 உடம்பு வெட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் எழுதப் போவது அசல் எம்2 ஒன்றின் பெயர்: அல்பர்ட்டா.