போலீஸ் ட்ரேட்-இன் க்ளாக் 17 ஜென் 4: கையில காசு கம்மியா இருக்கும்போது ட்யூட்டிக்கு எந்த துப்பாக்கி, எந்த தோட்டா

ஹூஸ்டன்ல ஆர்ம்டு செக்யூரிட்டி வேலை பாக்குறேன். டெக்சஸ்ல இந்த வேலைக்கு லெவல் 3 ட்ரெய்னிங் முடிச்சு கமிஷன்டு ஆபீசர் லைசென்ஸ் எடுக்கணும், ஆனா எங்கள மாதிரி நெறைய பேருக்கு கம்பெனி துப்பாக்கி தராது, நம்ம காசுலயே வாங்கிக்கணும். வேலைக்கு புதுசா வர்ற தம்பிங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி இதுதான், "அண்ணா, 800 டாலருக்குள்ள எல்லாம் முடிக்கணும், என்ன வாங்குறது, 9 எம்எம்மா .40-ஆ?" (ரெண்டும் தோட்டாவோட சைஸ், .40 கொஞ்சம் பெருசு.) ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்க முழுசா எழுதிடுறேன்.

நான் இப்ப இடுப்புல வெச்சிருக்குறது போலீஸ் ட்ரேட்-இன் க்ளாக் 17 ஜென் 4, அதாவது க்ளாக் கம்பெனியோட 9 எம்எம் கைத்துப்பாக்கி, நாலாவது தலைமுறை. ட்ரேட்-இன்னா என்னன்னா, ஒரு போலீஸ் டிபார்ட்மென்ட் புது மாடலுக்கு மாறும்போது பழைய துப்பாக்கிய மொத்தமா டீலர்கிட்ட குடுத்துட்டு புதுசோட விலைய கொறச்சுக்குவாங்க, அந்த பழசு அப்பறம் கடைக்கு வரும். நான் குடுத்தது 375 டாலர், மூணு மேகசினோட (தோட்டாவ அடுக்கி பிடிக்குள்ள சொருகுற பெட்டி). புதுசு ஜென் 5 எடுத்தா கடைக்கு கடை மாறும், ஆனா 550-க்கு கீழ பாக்குறது கஷ்டம்.

பாத்தா அழகா இருக்காது, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஸ்லைடு (மேல முன்ன பின்ன நகர்ற இரும்பு பாகம்) முனையில ஹோல்ஸ்டர்ல (இடுப்புல மாட்டுற துப்பாக்கி உறை) உரசி உரசி கறுப்பு போயி வெள்ளையா தெரியும், பிடியில கார் கதவு, சீட் பெல்ட்டுன்னு பட்ட கீறல் இருக்கும். ஆனா உள்ள பாருங்க, பேரல் (குழல்) பளிச்சுன்னு இருக்கும். பெரும்பாலான போலீஸ்காரங்க தகுதி தேர்வுக்கு சுடுறதோட சரி, மத்த நேரமெல்லாம் துப்பாக்கி இடுப்புலயேதான் இருக்கும், அதனாலதான் வெளிய தேய்ஞ்சும் உள்ள புதுசாவும் இருக்கு. இந்த விலைக்கு இதவிட நல்ல சரக்கு எனக்கு தெரிஞ்சு வேற இல்ல.

இப்ப தோட்டா விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா பணம் உண்மையிலேயே கரையுறது இங்கதான். அதே கடையில அதே கண்டிஷன்ல க்ளாக் 22, அதாவது .40 எஸ் அண்ட் டபிள்யூ, 300 டாலருக்கு இருந்துச்சு. 75 டாலர் கம்மி. பாத்தவுடனே எல்லாருக்கும் கை அங்கதான் போகும். அது ஏன் அவ்வளவு கம்மின்னு புரியணும்னா கொஞ்சம் பழைய கதை தெரியணும்.

1986 ஏப்ரல் 11, மயாமில எஃப்பிஐக்கும் ரெண்டு பேங்க் கொள்ளைக்காரங்களுக்கும் நடந்த சண்டையில ரெண்டு ஏஜென்ட் செத்தாங்க, அஞ்சு பேருக்கு காயம். சண்டையோட ஆரம்பத்துலயே ஒரு கொள்ளைக்காரன் மேல பட்ட 9 எம்எம் தோட்டா கை வழியா நெஞ்சுக்குள்ள போயி இதயத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு, அவன் அதுக்கப்பறமும் சுட்டுக்கிட்டே இருந்தான். அதுக்குப்பறம் எஃப்பிஐ பெரிய தோட்டா வேணும்னு 10 எம்எம் பக்கம் போச்சு, அதோட உதைப்பு நெறைய பேருக்கு தாங்கல, அத வலு கொறச்சுதான் சுட்டாங்க. அந்த கொறச்ச வலுவுக்கு ஏத்த மாதிரி சின்ன உறையில 1990-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேந்து கொண்டு வந்ததுதான் .40. அமெரிக்கா முழுக்க போலீஸ் அதுக்கு மாறுச்சு, எஃப்பிஐயும் 1997-ல க்ளாக் 22, 23 எடுத்துச்சு.

ஆனா அந்த சண்டை விட்டுட்டுப் போன பெரிய நல்லது என்னன்னா சோதனை முறைதான். எஃப்பிஐ உடம்பு சதை மாதிரி செஞ்ச ஜெலட்டின்ல சுட்டு பாக்குற அளவுகோல் ஒன்னு கொண்டு வந்துச்சு, தோட்டா கொறஞ்சது 12 இன்ச் உள்ள போகணும், 18-க்கு மேல போகக் கூடாது. தடிச்ச துணி, இரும்பு தகடு, சுவர் பலகை, ப்ளைவுட், கார் கண்ணாடி எல்லாம் குறுக்க வெச்சும் பாக்குறாங்க. அந்த அளவுகோலுக்கு ஏத்த மாதிரி தோட்டா கம்பெனிங்க ஹாலோ பாயிண்ட்ட (முனையில குழி இருக்குற, உள்ள போனதும் விரியிற தோட்டா) திரும்ப திரும்ப மாத்தி செஞ்சாங்க, அதுல அதிகமா முன்னேறுனது 9 எம்எம்தான். கடைசியில 2014-ல எஃப்பிஐயோட ட்ரெய்னிங் பிரிவே எழுதிச்சு, இன்னைக்கி இருக்குற நல்ல தோட்டாவுல 9, .40, .45 மூணுக்கும் உடம்புல ஏற்படுற காயத்துல பாத்து சொல்ற மாதிரி வித்தியாசம் இல்ல, 9 எம்எம்ல பெரும்பாலானவங்க வேகமாவும் குறி தவறாமலும் சுடுறாங்கன்னு. அதே அறிக்கையில இன்னொன்னும் இருக்கு, உண்மையான சண்டையில போலீஸ்காரங்க சுடுறதுல 70-லேருந்து 80 சதவீதம் குறி தவறுதுன்னு. இத படிச்சப்பறம் எனக்கு தோட்டாவோட சைஸ் பத்தின விவாதமே முடிஞ்சு போச்சு. படாத .45-ஐவிட பட்ட 9 மேல்.

எஃப்பிஐ 2016-ல 9 எம்எம் க்ளாக்குக்கு திரும்ப போக, மத்த டிபார்ட்மென்ட்டும் வரிசையா போக, .40 துப்பாக்கி எல்லாம் மூட்டை மூட்டையா கடைக்கு வந்துடுச்சு. விலை கம்மிக்கு காரணம் அதுதான், துப்பாக்கி மோசம்னு இல்ல. க்ளாக் 22 நல்ல துப்பாக்கிதான்.

ஆனா கணக்கு போட்டு பாருங்க. இங்க 50 ரவுண்டு சாதாரண 9 எம்எம் ப்ராக்டிஸ் தோட்டா நான் 14 டாலருக்கு வாங்குறேன், .40 அதே 50 ரவுண்டு 20 டாலர். பாக்ஸுக்கு 6 டாலர் அதிகம். துப்பாக்கியில மிச்சம் புடிச்ச 75 டாலர் பதிமூணாவது பாக்ஸ்ல முடிஞ்சு போகும், அதாவது 650 ரவுண்டு. ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்றவனுக்கு அது ஒரு வருஷம்கூட வராது. ப்ராக்டிஸ் பண்ணாதவன்னா அவனுக்கு எந்த துப்பாக்கி வாங்குனாலும் ஒன்னுதான். அதுபோக .40-ல ஸ்லைட முன்னாடி தள்ளுற ஸ்பிரிங் சீக்கிரம் தளரும், உதைப்பு சுருக்குன்னு மேல தூக்கும், மேகசின்ல 17-க்கு பதிலா 15 ரவுண்டுதான். கூட வேலை பாக்குற ஒருத்தர் 22 வாங்கிட்டு 9 எம்எம் கன்வெர்ஷன் பேரல் (.40 துப்பாக்கியில 9 எம்எம் சுட மாத்தி போடுற குழல்) போட்டு ரேஞ்சுக்கு (சுட்டு பழகுற இடம்) போறாரு, ப்ராக்டிஸுக்கு அது ஓடும், ஆனா சுட்ட காலி உறைய இழுத்து வெளிய தள்ளுற எஜெக்டர், எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் .40-க்கு செஞ்சது, அத வெச்சு ட்யூட்டிக்கு போறத நான் ஒத்துக்க மாட்டேன், அவரும் போக மாட்டாரு. (நம்ம ஊர்லேருந்து வந்தவங்களுக்கு இது விசித்திரமா இருக்கும், அங்க 9 எம்எம் பொதுமக்களுக்கு தடை செஞ்ச ரகம், .32-க்குத்தான் லைசென்ஸ் கேட்டு நிப்பாங்க. இங்க ட்யூட்டி துப்பாக்கி தோட்டாவுலயே மலிவானது 9 எம்எம்.)

சரி, துப்பாக்கி எப்படி இருக்கு. எனக்கு கை சின்னது. ஜென் 4-ல பின்னாடி பட்டைய மாத்திக்கலாம், எதுவும் போடாம விட்டா பிடி சின்னதாவே இருக்கும், ட்ரிகருக்கு விரல் சரியா போயி சேருது. ஜென் 3-ல இந்த வசதி இல்ல, அதனால ட்ரேட்-இன்ல ரெண்டும் கெடச்சா ஜென் 4 எடுங்க. மேகசின் பட்டனையும் இடது பக்கத்துலேருந்து வலது பக்கத்துக்கு மாத்திக்கலாம், இடது கைக்காரங்களுக்கு நல்லது. விரல் பள்ளம் சில பேருக்கு உறுத்தும், கடையில புடிச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ட்ரிகர் அப்படி ஒன்னும் வழவழப்பு கெடையாது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும், திரும்பி வர்ற 'டக்' நல்லா தெரியும்.

ஒரு விஷயம் எனக்கு புடிக்கல, கழட்டி தொடைக்கணும்னா மொதல்ல ட்ரிகரை அமுக்கியாகணும். மேகசின் வெளிய, சேம்பர் (பேரல்ல தோட்டா உக்கார்ற இடம்) காலி, கண்ணால பாத்து விரலாலயும் தொட்டு பாத்து, பாதுகாப்பான திசையில வெச்சு அப்பறம்தான் அமுக்கணும், வீட்ல தோட்டா இருக்குற ரூம்ல இத செய்யவே செய்யாதீங்க. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோட எம் அண்ட் பி துப்பாக்கியில உள்ள ஒரு சின்ன லீவர சாச்சுட்டு ட்ரிகர் தொடாமலே கழட்டலாம், அந்த ஒரு விஷயத்துல அது மேல்.

ட்ரேட்-இன் வாங்கப் போனா என்ன பாக்கணும்னா, மொதல்ல சைட்டு, அதாவது குறி பாக்குறதுக்கு மேல இருக்குறது. நெறைய துப்பாக்கி இருட்டுல தானா ஒளிர்ற ட்ரிட்டியம் நைட் சைட்டோட வரும், கடைக்காரர் அத பெருமையா சொல்லுவாரு. ட்ரிட்டியம் சுமார் 12 வருஷத்துல பாதியா கொறஞ்சுடும், பத்து வருஷத்துக்கு மேல போலீஸ்ல இருந்த துப்பாக்கியில அது மங்கித்தான் இருக்கும், கைய குவிச்சு இருட்டாக்கி பாருங்க. மங்கி இருந்தா அத வெச்சு விலைய கொறைக்க சொல்லலாம். கம்பெனி போடுற ப்ளாஸ்டிக் சைட்டு இருந்தா எப்படியும் மாத்தணும்.

அடுத்து பேரல், கழட்டி வெளிச்சத்துல பாத்தா நடுவுல எங்கயாவது ஒரு வளையம் மாதிரி நிழல் தெரிஞ்சா அது உள்ள தோட்டா மாட்டி வீங்குன பேரல், கீழ வெச்சுட்டு வேற எடுங்க. அப்பறம் ஸ்பிரிங். துப்பாக்கி காலின்னு ரெண்டு தடவை பாத்துட்டு மேல் நோக்கி சாய்வா புடிச்சு, ட்ரிகர அமுக்கி புடிச்சுக்கிட்டே ஸ்லைட பின்னாடி இழுத்து மெதுவா விடுங்க, முழுசா மூடணும், பாதியில நின்னா ஸ்பிரிங் போயிடுச்சு. அதுக்காக துப்பாக்கிய வேணாம்னு சொல்லத் தேவையில்ல, ஸ்பிரிங் 20 டாலருக்குள்ள கெடைக்கும். நல்லா இருந்தாலும் நான் புதுசு மாத்திட்டுத்தான் ட்யூட்டிக்கு எடுத்துட்டு போவேன். ஜென் 4 வந்த புதுசுல 9 எம்எம்-ல இந்த ஸ்பிரிங்கத்தான் 2011-ல கம்பெனியே காசு வாங்காம மாத்தி குடுத்துச்சு, பழைய துப்பாக்கியில மாத்தாமலே இருந்தாலும் இருக்கும்.

மேகசின்ல மட்டும் மிச்சம் புடிக்காதீங்க. க்ளாக்கோட சொந்த மேகசினே 25, 30 டாலர்தான், விலை கம்மியா கெடைக்குற வேற மேகசின் ரேஞ்சோட நிக்கட்டும்.

ஹோல்ஸ்டர். இங்கதான் தம்பிங்க கோட்டை விடுறாங்க, 700 டாலர் துப்பாக்கி வாங்கிட்டு 25 டாலர் நைலான் பையில சொருகிட்டு வர்றாங்க. நாம யூனிஃபார்ம்ல வெளிய தெரியிற மாதிரி துப்பாக்கி வெச்சிருக்கோம், மால்ல, பார்க்கிங்ல, கூட்டத்துல நிக்குறோம், பின்னாடியிலேருந்து ஒரு கை வந்து இழுத்தா அது வரக் கூடாது. நான் போட்டிருக்குறது சஃபாரிலேண்ட் 6360, லெவல் 3 (இது ட்ரெய்னிங் லெவல் இல்ல, மத்தவங்க இழுக்காம தடுக்குற பூட்டோட லெவல்). உள்ள சொருகுன உடனே தானா பூட்டிக்கும், கட்டைவிரலால தள்ளுனா தொறக்கும், அதுக்கு மேல சுழல்ற மூடி ஒன்னு. 160 டாலர் ஆச்சு. வாங்குன முதல் வாரம் காலி துப்பாக்கிய வெச்சு கண்ணாடி முன்னாடி நின்னு எடுத்து எடுத்து பழகுங்க, கை தானா போகுற வரைக்கும். துப்பாக்கியில லைட்டு போடப் போறீங்கன்னா அத மொதல்லயே முடிவு பண்ணுங்க, லைட்டோட சொருகுற ஹோல்ஸ்டர் வேற, பின்னாடி யோசிச்சா இன்னொரு 160 போகும்.

க்ளாக் 17 எடுக்குறதுக்கு பெரிய காரணமும் இதுதான், அதுக்கு இந்த மாதிரி ஹோல்ஸ்டர் ஈசியா கெடைக்கும். எம் அண்ட் பி 2.0-க்கும் ஹோல்ஸ்டர் ஈசியா கெடைக்கும், அதுவும் ட்ரேட்-இன்ல நல்ல விலைக்கு வந்தா தாராளமா எடுக்கலாம், பிடி பல பேருக்கு க்ளாக்கவிட நல்லா இருக்கும். ஆனா 300 டாலருக்கு புதுசா வர்ற ஏதோ ஒரு மாடல் ரேஞ்சுல எவ்வளவு நல்லா சுட்டாலும் அதுக்கு லெவல் 3 ஹோல்ஸ்டர் யாரும் செய்யலன்னா நம்ம வேலைக்கு அது ஆகாது.

ட்யூட்டி தோட்டாவுக்கு நான் ஃபெடரல் எச்எஸ்டி 124 க்ரெய்ன் (க்ரெய்ன்ங்கிறது குண்டோட எடை) போடுறேன், ஸ்பீர் கோல்ட் டாட்டும் அதே அளவு நம்பலாம், ரெண்டும் ஹாலோ பாயிண்ட்தான். 20 ரவுண்டு சின்ன பாக்ஸ் வாங்காதீங்க, போலீஸ்காரங்களுக்குன்னு வர்ற 50 ரவுண்டு பாக்ஸ் கேளுங்க, எனக்கு 40 டாலருக்கு கெடச்சுது, ரவுண்டு கணக்குல பாத்தா ரொம்ப கம்மி. அதுல ஒரு ரெண்டு மேகசினாவது சுட்டு பாருங்க, உங்க துப்பாக்கியில மாட்டாம ஓடுதான்னு.

மொத்த செலவு: துப்பாக்கி 375, ஹோல்ஸ்டர் 160, நல்ல ட்யூட்டி பெல்ட் 50, ட்யூட்டி தோட்டா 40, மேல ஹூஸ்டன் வரி 8.25 சதவீதம். 800-ல மிச்சத்துக்கு எட்டு பாக்ஸ் ப்ராக்டிஸ் தோட்டா, 400 ரவுண்டு. ரேஞ்ச் கட்டணம், ஸ்பிரிங், சைட்டு மாத்துற செலவு தனி.

ஒன்னு மட்டும் கூட சேத்துக்கிறேன், வாங்குறதுக்கு முன்னாடி க்ளாக்கோட ப்ளூ லேபிள் விலை, அதாவது சில வேலைக்காரங்களுக்குன்னு குடுக்குற தள்ளுபடி விலை, கேளுங்க. போலீஸ், ராணுவம், தீயணைப்பு ஆளுங்களுக்கு மட்டும்னு நெனச்சுட்டு நம்ம ஆளுங்க கேக்குறதே இல்ல, லைசென்ஸ் இருக்குற செக்யூரிட்டி கம்பெனிக்காரங்களும் அந்த லிஸ்ட்ல வர்றாங்க, ஐடி கார்டும் லைசென்ஸும் எடுத்துட்டு போங்க. ட்ரேட்-இன்னுக்கும் அதுக்கும் வித்தியாசம் 50, 60 டாலர்தான்னா புதுசே எடுத்துடுங்க.

ட்ரேட்-இன் க்ளாக் 17 ஜென் 4-க்கு என் மார்க் 10-க்கு 9. கொறச்ச ஒன்னு, கழட்டும்போது ட்ரிகர் அமுக்க வேண்டியிருக்குறதுக்கு.