வேடந்தாங்கலா, கோடியக்கரையா?

மார்கழி, தை மாதங்களில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். இரண்டுமே சரணாலயங்கள். இரண்டுமே ராம்சார் ஈரநிலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றவை: கோடியக்கரை 2002இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது, வேடந்தாங்கல் 2022இல். அதற்கு மேல் ஒற்றுமை அதிகமில்லை.

வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர் ஏரி. சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர் போல. விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுபோல, பறவைகள் இங்கே முட்டையிடத்தான் வருகின்றன. தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் நெருக்கியடித்துக் கூடு கட்டியிருக்கும். சுள்ளிக்குச் சண்டை போடுவதையும் குஞ்சுக்கு இரை ஊட்டுவதையும் கரையில் நின்றபடியே பார்க்கலாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை ஊர்க்காரர்கள் என்றோ அறிந்திருந்தார்கள். பறவைகளைக் காக்க 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். எனக்கு அந்த ஏரியைவிட அந்த ஊர் பெரிது.

ஆனால் நடக்க இடமில்லை. ஒரு கரை, ஒரு பார்வைக் கோபுரம், முடிந்தது. மழை பொய்த்த வருடம் ஏரியும் வெறிச்சோடிவிடும்.

நடக்க ஆசைப்படுகிறவர்கள் கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடல் இரண்டு பக்கமும் சூழ்ந்த முனை. உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, சேற்று நிலம், உப்பளம் என்று ஒரே நாளில் நிலம் மாறிக்கொண்டே இருக்கும். காலை வெயில் ஏறுமுன் புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேயும். முறுக்கிய கொம்பும் கரிய முதுகுமாக ஆண் நிமிர்ந்து நிற்கும்போது கால் தானாக நின்றுவிடும். காட்டு மட்டக்குதிரைகளும் உண்டு. 2018 கஜா புயல் இந்தக் காட்டை மோசமாக முறித்துப்போட்டது. அதைப் பார்க்கும்போது மனம் கனக்கும்.

பறவை விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். பூநாரைகளும் வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் சின்ன உள்ளான்களும் சேற்றில் தொலைவில் மேயும். தொலைநோக்கி இல்லாமல் போனால் வெறும் புள்ளிகள்தான். ஓர் இரவு தங்காமலும் சரிவராது. எந்தப் பாதையில் நடக்கலாம் என்று வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் உடன் வந்தால் வேடந்தாங்கல், அதுவும் வார நாளில். காலில் தெம்பும் கையில் இரண்டு நாளும் இருந்தால், ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு கோடியக்கரை. ஒன்றுக்குத்தான் வாய்ப்பு என்றால் நான் கோடியக்கரைக்கே போவேன்.